மாற்றுப் பேச்சாளரின் கதிரை

ஒன்பது ஆண்டுகளாக என் சட்டைப் பையில் ஒரு பேச்சு இருக்கிறது. சட்டை மாறும், பேச்சு மாறாது. வியாழக்கிழமை பின்னேரம் அலுமாரியைத் திறந்து, போன வாரச் சட்டையிலிருந்து அதை எடுத்து இந்த வாரச் சட்டைக்குள் வைப்பேன். நான்காக மடித்த மூன்று தாள்கள். மடிப்பில் கிழிந்துபோய் இரண்டு தடவை புதிதாக எழுதியிருக்கிறேன். நிதானமாக வாசித்தால் இருபது நிமிடம் வரும்.

எங்கள் சேவைக் கழகம் வியாழன்தோறும் திருகோணமலை உள்துறைமுக வீதியில், ஓர் இரும்புக் கடையின் மேல்மாடி மண்டபத்தில் கூடுகிறது. இரத்ததானம், மூக்குக்கண்ணாடி வழங்கல், பிள்ளைகளுக்குப் புத்தகப்பை என்று கழகம் செய்யும் வேலைகள் பல. ஆனால் உறுப்பினர்கள் படியேறி வருவது விருந்தினர் பேச்சுக்காகத்தான். ஒவ்வொரு வாரமும் வெளியார் ஒருவர் வந்து இருபது நிமிடம் பேசுவார். பிறகு கேள்வி, பிறகு ரோல்ஸ், பிறகு தேநீர்.

விருந்தினர் வராமலும் போகலாம். மூதூர் பஸ் பழுதாகலாம். அதிகாரிக்குத் திடீரென்று கொழும்பிலிருந்து அழைப்பு வரலாம். அதற்காகவே கழகத்தில் மாற்றுப் பேச்சாளர் என்று ஒரு பதவி வைத்திருக்கிறார்கள். அவருக்கு நான்கு கடமைகள். முன்வரிசையில் வலதுகோடிக் கதிரையில் இருக்க வேண்டும். வியாழன் காலையில் விருந்தினருக்குத் தொலைபேசி எடுத்து, அவர் வருவதை உறுதிப்படுத்த வேண்டும். பேச்சு முடிந்ததும் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். ஒருவரும் கேள்வி கேட்காமல் விருந்தினர் முகம் வாடிவிடக் கூடாது. நான்காவது கடமை, விருந்தினர் வராவிட்டால் எழுந்து பேசுவது.

முதல் மூன்றையும் நான் ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தேன். நான்காவது எனக்கு வாய்க்கவே இல்லை.

விருந்தினர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாம்புக்கடி பற்றிப் பேசிய வைத்தியர் காய்ச்சலோடு வந்தார். காலையில் நான் பேசியபோது அவர் குரல் அடைத்திருந்ததைக் கேட்டு, மேடைக்கென்று நல்ல சட்டையை அழுத்தி மினுக்கி வைத்தேன். அவர் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு வந்து இருபத்தாறு நிமிடம் பேசினார். ஆமை முட்டை பாதுகாப்பவர் ஒருவர் உப்புவெளியிலிருந்து சைக்கிளில் நனைந்து வந்தார். ஆமை முட்டையில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சபை அவருக்குப் பதினொரு தடவை சிரித்தது. நீரிழிவு பற்றி மட்டும் ஐந்து பேர் பேசிவிட்டார்கள். ஐந்து பேருக்கும் நல்ல கைதட்டல். கைதட்டி முடித்ததும் அதே கையால் இனிப்பு எடுத்தார்கள்.

ஒரேயொரு மாரி மழை நாளில் விருந்தினர் வரவில்லை. சபையும் வரவில்லை. நானும் காவலாளியும் மட்டும் மண்டபத்தில் இருந்தோம். "ஐயா, அந்தப் பேச்சை எனக்குச் சொல்லுங்கோவன்" என்றார் அவர். ஒருவருக்குச் சொன்னால் அது பேச்சாகாது என்று குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. என் பேச்சும் அதைப் பற்றியதுதான். வெயிலில், புழுதியில், கூலியாட்கள் பாடிக்கொண்டு ஓடும்போது மூட்டையை எப்படி விடாமல் எண்ணுவது. ஒரே மூட்டையை இரண்டு தடவை எண்ண வைக்க என்னென்ன தந்திரங்கள் செய்வார்கள். அதை எப்படிப் பிடிப்பது. ஓர் ஆடு மூட்டை இறக்கும் வலைக்குள் ஏறி மூட்டையோடு மூட்டையாக இறங்கிய கதையும் அதில் உண்டு. கவனமாகக் கேட்பவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் படலையடியில் கழகத் தலைவியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தலைவி பல் வைத்தியர். நாற்பது வயதிருக்கும். என்னை அங்கிள் என்றும் என் மனைவியை அன்ரி என்றும் கூப்பிடுவார். ஜன்னலால் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. சட்டையை மாற்றி, பேச்சைப் பைக்குள் வைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

"அங்கிள், ஒரு உதவி கேட்டு வந்தனான்."

"கேளுங்கோ பிள்ளை."

"அடுத்த கிழமைக்குப் பேச்சாளர் இல்லை. வாறனெண்டு சொன்னவர் மாற்றலாகிப் போட்டார். இனி ஆரைப் பிடிக்கிறது எண்டு யோசிச்சுப் பாத்தன்."

கை தன்பாட்டில் பைக்குப் போனது. "எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை" என்றேன். "ஆயத்தமாத்தான் இருக்கிறன்."

அந்தப் பெண் ஒரு கணம் தடுமாறினார். பிறகு என் தோளுக்கு மேலால், தேநீர்த் தட்டத்தோடு வந்துகொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார்.

"இல்லை அங்கிள்... நான் அன்ரியைக் கேக்க வந்தனான்."

என் மனைவி தபால் கந்தோர் மேல்மாடியில் இருந்த தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவள். இணைப்புப் பலகையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். வயரை ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் செருகி, ஊரையும் வெளியூரையும் பேச வைத்தவள். அந்தக் காலத்தில் ட்ரங்க் கோல் என்ற வெளியூர் அழைப்புக்கு மூன்று நிமிடக் கணக்கு. மூன்று நிமிடம் முடிந்ததும் இடையில் புகுந்து சொல்ல வேண்டும். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கலியாணமான புதிதில் நான் கேட்டதுண்டு. "வெளியில சொல்லக்கூடாது" என்றாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பல்லுப் பிடுங்க வந்தவா, விறைப்பு ஊசி போட்டுட்டு இருக்கேக்கை ரெண்டு மூண்டு கதை சொன்னா" என்றார் தலைவி. "சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கை நடுங்கீட்டுது அங்கிள். நேர்ஸ் பிள்ளை வெளியில போய் நிண்டு சிரிச்சவள்."

நாற்பத்தொரு வருடம் எனக்குச் சொல்லாததை ஒரு கடைவாய்ப் பல்லுக்காகச் சொல்லியிருக்கிறாள்.

"ஐயோ பிள்ளை, எனக்கு மேடையில ஏலாது" என்றாள் மனைவி.

"ஓம், அவவுக்கு ஏலாது" என்றேன் நான்.

சற்று வேகமாகச் சொல்லிவிட்டேன். இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மனைவி தட்டத்தை மேசையில் வைத்தாள்.

"ஏன் ஏலாது?" என்றாள். "வாறன் பிள்ளை. எத்தினை மணிக்கு?"

அதன் பிறகு வந்த நாட்களில் அவள் எதையும் எழுதவில்லை. றால் உரித்தாள், பேப்பர் படித்தாள், கச்சான் காற்று கொண்டுவந்த புழுதியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் கூட்டினாள்.

"பேச்சு எழுதேல்லையோ?" என்று கேட்டேன்.

"அதை ஏன் எழுதவேணும்? கதைக்கிறதுதானே."

அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. ஒன்பது வருடம் எழுதி வைத்திருப்பவன் ஒருவன், எழுதவே தேவையில்லை என்பவள் ஒருத்தி. இருவருக்கும் ஒரே கட்டில், ஒரே நுளம்பு வலை.

வியாழன் காலை வந்தது. விருந்தினருக்கு நான் தொலைபேசி எடுக்க வேண்டும். குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கடமை என்பது தொலைபேசி எடுப்பது, கூப்பிடுவது அல்ல. கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்து மாமரத்தடிக்குப் போய் வீட்டு எண்ணை அழுத்தினேன். ஹோலில் இருக்கும் பழைய தொலைபேசியின் இணைப்பை வெட்டிவிடலாம் என்று மகன் எத்தனையோ முறை சொல்லிவிட்டான். அவள் விடவில்லை. அது உள்ளே அடிப்பது முற்றத்துக்குக் கேட்டது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"சேவைக் கழகத்தின் மாற்றுப் பேச்சாளர்."

"சொல்லுங்கோ" என்றாள்.

"இண்டைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு நீங்கள் வாறதை உறுதிப்படுத்த வேணும்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளை நீர் என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். நீங்கள் என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. விருந்தினரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"நான் வரேல்லை" என்றாள்.

"ஏன்?"

"தொண்டை சரியில்லை எண்டு சொல்லுங்கோ."

"தொண்டைக்கு என்ன? காலமை மீன்காரனோடை சண்டை பிடிச்சது நாலு வீட்டுக்குக் கேட்டது."

"இஞ்சருங்கோ" என்றாள். இப்போது அது விருந்தினரின் குரல் அல்ல, என் மனைவியின் குரல். "ஒம்பது வருசமாச் சட்டைப் பையுக்கை வச்சுக்கொண்டு திரியிறியள். நான் வராட்டி உங்கடை முறைதானே? போய்ப் பேசுங்கோ. எனக்கு இதிலை ஒண்டுமில்லை."

முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. அதை மறைக்கமாட்டேன். மேடையும் ஒலிவாங்கியும், எனக்காகத் திரும்பிய முகங்களும் கண்முன் வந்தன. அடுத்ததாகத் தலைவியின் அறிவிப்பும் காதில் கேட்டது: விருந்தினருக்குச் சுகமில்லை, ஆகவே அவருடைய கணவர் பேசுவார். மண்டபத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். மனிசி விட்டுக்கொடுத்திட்டா என்பார்கள். துறைமுகத்தில் கணக்குக் குறைந்த நாட்களில் யாராவது இரக்கப்பட்டு என் பக்கத்தில் ஒரு மூட்டையைத் தள்ளிவிடுவதுண்டு. அப்படி வந்த மூட்டை ஒன்றைக்கூட நான் எண்ணியதில்லை. விருந்தினர் வராமல் போவது பஸ்ஸின் பழுதால் நடக்க வேண்டும், வெள்ளத்தால் நடக்க வேண்டும். அவளுடைய இரக்கத்தால் நடந்தால் என்னால் அந்த மேடையில் நிற்க ஏலாது.

"விருந்தினர் சுகமாயிருந்தா வரவேணும்" என்றேன். "அதுதான் ஒழுங்கு."

"அப்ப வாறன்" என்றாள். "மூண்டு நிமிசம் முடிஞ்சுது, சேர்." தொலைபேசி வைக்கப்பட்ட சத்தம் மாமரத்தடிக்கே கேட்டது.

அன்று மண்டபத்தில் முப்பத்துநான்கு பேர். வழமையாகப் பத்தொன்பது, கூடினால் இருபத்திரண்டு. கதிரை போதாமல் கீழே இரும்புக் கடையிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்தார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் அரிசி ஆலை முதலாளி, நாங்கள் ஹாஜியார் என்று கூப்பிடுபவர், அன்று தன் மனைவியையும் மகளையும் கூட்டிவந்திருந்தார். ஆமை முட்டைக்கு அவர் தனியாகத்தான் வந்தார்.

மனைவி கையில் தாள் ஏதும் இல்லாமல் எழுந்து நின்றாள். விடியற்காலை முதல் கோல் மீன் முதலாளிகளுடையது என்று தொடங்கினாள். ஒருவன் கொழும்புக்கு எடுத்து, விலை கேட்பதற்கு முன் மூன்று நிமிடத்தையும் தும்மியே முடித்த கதையைச் சொன்னாள். தம்பியோடு சண்டை பிடிக்கவென்று காசு கட்டிக் கோல் எடுத்து, இரண்டு பக்கமும் வாய் திறக்காமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். "மூண்டு நிமிசம் எண்டு சொன்னன். 'இன்னும் மூண்டு நிமிசம் தாங்கோ பிள்ளை' எண்டார் அண்ணர். அந்த மூண்டு நிமிசமும் மூச்சுத்தான்." சிரிப்பை நான் பதினான்கு வரை எண்ணினேன். அதன் பிறகு ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியவில்லை.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு குரல் இருந்தது" என்றாள். "பழைய பலகையின்ரை கடைசிக் காலம். கொழும்பிலயிருந்து. பின்னேரம் ஆறு மணிபோல வரும். கப்பல் கந்தோர் ஒண்டுக்குத்தான் கோல். ஆனா நம்பரைச் சொல்ல முதல் அந்த ஆள் ஒண்டு கேக்கும்: 'திருகோணமலையில மழையோ?' அவ்வளவுதான். அதைக் கேக்கிற விதம் எப்பிடியெண்டா... நான் எழும்பி ஜன்னலால பாத்திட்டு வந்து சொல்லுவன். மூண்டு வருசம். வெய்யில் எறிக்கிற நாளிலும் சிலவேளை, ஓம், பெய்யுது எண்டு சொல்லியிருக்கிறன். அந்த ஆளுக்கு அது சந்தோசம். ஒரு நாள் நிண்டுபோச்சு. பேர் தெரியாது. முகம் தெரியாது."

ஹாஜியாரின் மனைவி முந்தானையால் கண்ணைத் தொட்டார். கீழே வீதியில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று குப்பைத் தொட்டியை முட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

வலதுகோடிக் கதிரையில் இருந்து நான் கணக்குப் பார்த்தேன். அவள் சொன்ன பழைய பலகையின் கடைசிக் காலத்தையும் எங்கள் கலியாணத்தையும் வைத்துப் பார்த்தால், அந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் நான் அவளுடைய கணவன். வீட்டில் மழையா என்று நான் கேட்டால், "வெளியில போய்ப் பாருங்கோ" என்பாள்.

"வழமைபோல முதல் கேள்வி மாற்றுப் பேச்சாளரிடமிருந்து" என்றார் தலைவி.

ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை அழைப்புகள் என்று கேட்பதற்கு வந்திருந்தேன். எழுந்து நின்றதும் வாயில் வேறொன்று வந்தது.

"மழை பெய்யாத நாளில் பெய்யுது எண்டு அந்த ஆளுக்குப் பொய் சொன்னது எத்தனை தடவை?"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது.

"நான் எண்ணேல்லை" என்றாள் மேடையிலிருந்து. "எண்ணுறது உங்கடை வேலை."

ஒன்பது ஆண்டுகளில் அந்த மண்டபம் அவ்வளவு சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பில் பாதி என் கேள்விக்குரியது என்பதை நான் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அங்கே ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தேநீர் நேரத்தில் அவளைச் சுற்றிக் கூட்டம். ஹாஜியார் ரோல்ஸோடு என்னிடம் வந்தார்.

"என்ன கிளாக்கர் ஐயா, இந்த மனிசிய இவ்வளவு காலமும் வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?"

"நான் ஒளிக்கேல்லை ஹாஜியார். அவதான் என்னட்டையும் ஒளிச்சவ."

"அப்ப மெம்பராச் சேத்துருவம். இனி ஒளிக்கேலாது."

அடுத்த மாதம் அவளைச் சேர்த்துவிட்டார்கள்.

அவள் பேசிய அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது நான் நாலடி முன்னால் போனேன். டச்சுக் குடாப் பக்கமாக வந்தபோது அவள்தான் கேட்டாள். "கோவமோ?"

"இல்லை."

"அந்த ஆள் இப்ப கிழவனாகி எங்கையாவது இருமிக்கொண்டு இருக்கும்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு, முன்னால் நடந்துபோனாள்.

பிறகு கழகத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. பதவிகளுக்கு ஆள் தெரிவுசெய்யும் கூட்டம். ஒவ்வொரு ஆண்டும் மாற்றுப் பேச்சாளர் என்ற சொல்லைத் தலைவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கையை உயர்த்திவிடுவேன். போட்டிக்கு ஒருவரும் வருவதில்லை. இந்த ஆண்டும் கையை உயர்த்தினேன். எனக்கு முன்னமே ஒரு கை உயர்ந்திருந்தது. அதில் நான் வாங்கிக்கொடுத்த இரண்டு வளையல்கள் இருந்தன.

ஹாஜியார் உடனே வழிமொழிந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மேடையைத்தான் வாங்கிக்கொண்டாள், காத்திருக்கும் கதிரையையும் எடுத்துவிட்டாளே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. கூட்டம் முடிந்ததும் தலைவியிடம் போனேன்.

"பிள்ளை, நான் என்ன பிழை விட்டனான்? ஒரு கிழமை தவறேல்லையே."

"ஐயோ அங்கிள்" என்றார் அவர். "உங்களை விருந்தினராப் போடவேணுமெண்டு நாங்கள் எத்தினை தரம் கதைச்சிருப்பம். நீங்கள் மேடைக்குப் போனா அண்டைக்கு அந்தக் கதிரையில ஆர் இருக்கிறது? கோல் எடுத்து உறுதிப்படுத்துற வேலைக்கு ஒருத்தரும் வரமாட்டினம். நீங்கள் வருசாவருசம் கையைத் தூக்கினனீங்கள். ஆசையா வச்சிருக்கிறியள் எண்டு விட்டிட்டம்."

"கதிரைய நீங்க விட்டாத்தானே ஐயா ஒங்களக் கூப்பிடலாம்" என்றார் ஹாஜியார். "இப்ப ஆள் இரிக்கி. வாற மாசம் ரெண்டாவது வியாழன் ஒங்கட பேச்சு. மூட்டையா, ஆடா, என்னமோ ஒண்டு சொல்லுவீங்களே, அதுதான்."

ஒன்பது ஆண்டு காத்திருந்தால் முறை வரும் என்று நினைத்திருந்தேன். காத்திருந்ததால்தான் வரவில்லை. என் மனைவி சற்றுத் தள்ளி நின்று ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இது முன்னமே தெரியும். இரண்டாவது பல்லைப் பிடுங்கப் போனபோது கேட்டறிந்தாளாம். தலைவி பிறகு சொன்னார்.

அந்த வியாழன் காலை கச்சான் காற்றுகூட நின்று, வெயில் கண்ணைக் குத்தியது. ஹோலில் தொலைபேசி அடித்தது. ஜன்னலால் பார்த்தேன். மாமரத்தடியில் அவள் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"சேவைக் கழகத்தின் மாற்றுப் பேச்சாளர் கதைக்கிறன்" என்றது குரல். எனக்குத் தெரிந்த குரல் அல்ல. பலகையின் முன்னால் இருந்தவளின் குரலாக இருக்க வேண்டும். "இண்டைக்குப் பின்னேரம் நீங்கள் வாறதை உறுதிப்படுத்த வேணும், சேர்."

முப்பத்துநான்கு பேர் அவளுக்கு வந்தார்கள். எனக்குப் பத்தொன்பது வருமா? என் பேச்சில் ஒரேயொரு இடத்தில்தான் ஆடு வருகிறது. அங்கேயும் சிரிக்காவிட்டால்?

"தொண்டை ஒரு மாதிரி இருக்குது" என்றேன்.

"அப்பிடியோ. சுகமில்லையெண்டாப் பரவாயில்லை, சேர். நான் பேசுறன். முந்தி மன்னாரிலயிருந்து ஒரு குரல் வாறது. அண்டைக்கு அதைச் சொல்ல நேரம் காணேல்லை."

"மன்னாரிலயிருந்தோ?"

"ஓம். அது இன்னும் நல்ல குரல்."

"நான் வாறன்" என்றேன். "கட்டாயம் வாறன். அப்பிடியே எல்லாருக்கும் சொல்லும்."

"சரி, சேர். மூண்டு நிமிசம் ஆகப்போகுது. வேறை ஏதும் கேக்கவேணுமோ?"

பையைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று தாளும் இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னால் ஏலுமான அளவு மெதுவாகக் கேட்டேன்.

"திருகோணமலையில மழையோ?"

மாமரத்தடியில் அவள் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். ஓர் இலைகூட ஆடவில்லை.

"ஓம், பெய்யுது" என்றாள். "நல்லாப் பெய்யுது, சேர்."